கிளிஃபோர்ட் சான்ஸ்: லண்டன் சட்ட நிறுவனம் ஒன்றின் வரலாறும் வேலையும் (விவாத இழை)

வடகரை (இழையைத் தொடங்கியவர்)

2022 ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக இலங்கை அறிவித்தது. அடுத்த மாதமே கடன் மறுசீரமைப்புக்காக இரண்டு ஆலோசகர்கள் அமர்த்தப்பட்டார்கள்: நிதி விவகாரங்களுக்கு லசார்ட், சட்ட விவகாரங்களுக்கு கிளிஃபோர்ட் சான்ஸ். முன்னது முதலீட்டு வங்கி என்பது பலருக்குத் தெரியும். பின்னது எங்கிருந்து வந்தது, அன்றாடம் என்ன செய்கிறது, ஒரு நாடு தன் கடன் பத்திரங்களை ஏன் அதன் கையில் ஒப்படைக்கிறது என்பதைத் தமிழில் நிதானமாக யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

வரலாற்றின் சட்டகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பெயரில் நிறுவனம் உருவானது 1987இல். கவர்ட் சான்ஸ், கிளிஃபோர்ட்-டர்னர் என்ற இரண்டு லண்டன் சொலிசிட்டர் நிறுவனங்கள் அந்த ஆண்டு ஒன்றாயின. சொலிசிட்டர் என்பவர் பெரும்பாலும் நீதிமன்றத்துக்கு வெளியே ஆலோசனையும் ஆவண வேலையும் செய்யும் ஆங்கிலேய வழக்கறிஞர். கவர்ட் சான்ஸின் வேர் 1802 வரை செல்கிறது. தென்னாப்பிரிக்க வைரச் சுரங்கங்களால் பெருஞ்செல்வரான செசில் ரோட்ஸ் அதன் கட்சிக்காரர்களில் ஒருவர், ரோட்ஸ் கல்வி உதவித்தொகைக்கான சட்ட ஏற்பாடுகளிலும் அந்த நிறுவனத்துக்குப் பங்குண்டு. கிளிஃபோர்ட்-டர்னர் 1900இல் தொடங்கப்பட்டது. இம்பீரியல் ஏர்வேஸ் என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனம் 1924இல் உருவானபோது அதன் சட்ட வேலைகளைச் செய்தது. ஆகவே ஒருபுறம் பேரரசின் சுரங்கப் பணம், மறுபுறம் இருபதாம் நூற்றாண்டின் புதிய தொழில்கள். இந்த இரண்டு மரபுகளும் கலந்த இடத்தில்தான் இன்றைய நிறுவனம் நிற்கிறது.

இது ஏறத்தாழ 40 ஆண்டு நிறுவனமா, 220 ஆண்டு நிறுவனமா என்று கேட்டால், பழக்கங்களில் பின்னது, அளவில் முன்னது என்பேன்.

மெரினா வாசகர்

நல்ல தொடக்கம். எனக்கு ஓர் அடிப்படைக் கேள்வி இருக்கிறது. இங்கிலாந்தில் இருநூறு ஆண்டுகளாகச் சொலிசிட்டர்கள் இருந்திருக்கிறார்கள், உலக வணிகமும் லண்டன் வழியாகவே நடந்திருக்கிறது. அப்படியிருந்தும் ஆயிரக்கணக்கான வழக்கறிஞர்களைக் கொண்ட நிறுவனங்கள் 1980களுக்குப் பிறகுதானே தோன்றின? முன்பே ஏன் தோன்றவில்லை?

தேம்ஸ் கரை

லண்டனில் ஒரு பெரிய நிறுவனத்தின் நிதிப் பிரிவில் சில காலம் வேலை செய்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்ல முயல்கிறேன்.

முதல் காரணம் சட்டமே விதித்த தடை. இங்கிலாந்தில் ஒரு கூட்டாண்மையில் 20 பேருக்கு மேல் பார்ட்னர்களாக இருக்கக் கூடாது என்ற வரம்பு நீண்ட காலம் இருந்தது. சொலிசிட்டர்களும் கணக்காளர்களும் அந்த வரம்பிலிருந்து விடுபட்டது 1967ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தால்தான். அதுவரை எவ்வளவு புகழ்பெற்ற நிறுவனமும் 20 பார்ட்னர்களோடு நின்றாக வேண்டும்.

இரண்டாவது காரணம் பணம் வந்த வழி. அமெரிக்காவுக்கு வெளியே தேங்கிக் கிடந்த டாலர்களைக் கடனாகத் திரட்டும் சந்தை 1960களில் லண்டனில் உருவானது. அதன் முதல் பத்திரமாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுவது 1963இல் இத்தாலிய நெடுஞ்சாலை நிறுவனமான ஆட்டோஸ்ட்ராடேக்காக வார்பர்க் வங்கி ஏற்பாடு செய்த 1.5 கோடி டாலர் வெளியீடு. கடன் வாங்குபவர் ஒரு நாட்டில், வங்கிகள் நான்கு நாடுகளில், பணம் அமெரிக்க டாலரில், ஒப்பந்தம் ஆங்கிலேயச் சட்டத்தின் கீழ் என்ற கலவை அப்போதுதான் வழக்கமானது. இத்தகைய கடனுக்கான ஆவணங்களை எழுதத் தெரிந்தவர்களுக்குத் திடீரென்று பெரும் மதிப்பு வந்தது. கவர்ட் சான்ஸ் வங்கிக் கடன் வேலையில் பெயர் பெற்றது இந்த அலையில்தான். எண்ணெய்ப் பணம் வளைகுடாவில் குவிந்தபோது, 1975இலேயே அது துபாயில் அலுவலகம் திறந்துவிட்டது.

மூன்றாவது காரணம் 1986 அக்டோபர் 27. லண்டன் பங்குச் சந்தையின் பழைய கட்டுப்பாடுகள் அன்று ஒரே நாளில் நீக்கப்பட்டு, அமெரிக்க, ஜப்பானிய வங்கிகள் உள்ளே நுழைந்தன. ஓர் இரவுக்குள் 30 வழக்கறிஞர்களை ஒரே வேலையில் இறக்கக்கூடிய சட்ட நிறுவனம் அந்த வங்கிகளுக்குத் தேவைப்பட்டது. அடுத்த ஆண்டே இந்த இணைப்பு நடந்ததைத் தற்செயல் என்று சொல்ல முடியாது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அன்று லண்டனின் முதல் வரிசையில் இருந்தவை ஸ்லாட்டர் அண்ட் மே, லிங்க்லேட்டர்ஸ், ஃப்ரெஷ்ஃபீல்ட்ஸ் போன்றவை. ஃப்ரெஷ்ஃபீல்ட்ஸ் 1743 முதல் இங்கிலாந்து வங்கியின் சட்ட ஆலோசகர். கவர்ட் சான்ஸும் கிளிஃபோர்ட்-டர்னரும் அந்த வரிசையில் இல்லை. பரம்பரைக் கட்சிக்காரர்கள் இல்லாதவர்கள் அளவையே தங்கள் பலமாக ஆக்கிக்கொண்டார்கள். இணைந்தவுடன் பிரிட்டனின் மிகப் பெரிய சட்ட நிறுவனமாகவும் ஆனார்கள். பின்னால் மேஜிக் சர்க்கிள் என்று அழைக்கப்பட்ட ஐந்து நிறுவனங்களின் பட்டியலில் அவர்களுக்கு இடம் கிடைத்தது இப்படித்தான்.

கொழும்புத்துறை

ரோட்ஸ் பற்றி வடகரை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். அந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாக எழுத முடியுமா? ஒரு சட்ட நிறுவனம் யாருக்காக உழைத்தது என்பதிலிருந்துதான் அதன் இயல்பை அறிய முடியும் என்று நினைக்கிறேன்.

வடகரை

எழுதுகிறேன். இந்த நிறுவனத்தின் வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் பகுதியும் அதுவே.

ரோட்ஸின் சொலிசிட்டராக இருந்தவர் பூர்ஷியர் ஹாக்ஸ்லி. பின்னாளில் கவர்ட் சான்ஸ் ஆன கூட்டாண்மையின் பார்ட்னர்களில் ஒருவர். 1889இல் அரச சாசனம் பெற்ற பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்க கம்பெனிக்கும் அவரே சட்ட ஆலோசகர். 1895 டிசம்பர் இறுதியில், ரோட்ஸின் நெருங்கிய கூட்டாளியான ஜேம்சன் சுமார் 500 ஆயுதம் தாங்கிய ஆட்களுடன் டிரான்ஸ்வால் குடியரசுக்குள் நுழைந்தார். தங்கச் சுரங்கங்கள் நிறைந்த அந்த நாட்டின் அரசைக் கவிழ்ப்பதே நோக்கம். 1896 ஜனவரி 2 அன்று அந்தப் படை சரணடைந்தது, திட்டம் தோற்றது. ரோட்ஸ் கேப் காலனியின் பிரதமர் பதவியை இழந்தார்.

அதன் பிறகு லண்டனில் எழுந்த கேள்வி இதுதான்: குடியேற்றத் துறை அமைச்சர் ஜோசப் சேம்பர்லினுக்கு இந்தப் படையெடுப்பு முன்கூட்டியே தெரியுமா? அதற்கு விடை சொல்லக்கூடிய தந்திகள் ஹாக்ஸ்லியிடம் இருந்தன. 1897இல் நாடாளுமன்ற விசாரணைக் குழு அவற்றைக் கேட்டது. அவை தன் கட்சிக்காரருக்கு உரியவை, கட்சிக்காரர் அனுமதிக்கவில்லை என்று சொல்லி அவர் சிலவற்றைக் கொடுக்க மறுத்தார். குழு அவரை வற்புறுத்தவில்லை. சேம்பர்லினோ அந்தத் தந்திகளை முந்தைய ஆண்டே ஹாக்ஸ்லியிடமிருந்து வாங்கிப் பார்த்துத் திருப்பியும் அனுப்பியிருந்தார். அவர் அந்த விசாரணைக் குழுவிலேயே உறுப்பினராகவும் உட்கார்ந்திருந்தார். ரோட்ஸ் 1902இல் இறந்தபோது அவருடைய உயிலை நிறைவேற்றும் அறங்காவலர்களில் ஹாக்ஸ்லியும் ஒருவர்.

ஒரு போரையும் ஓர் அமைச்சரவையின் வீழ்ச்சியையும் கொண்டுவந்திருக்கக்கூடிய காகிதங்கள், ஒரு சொலிசிட்டரின் பெட்டியில் பூட்டிக் கிடந்தன. பூட்டியவர் சட்டத்தை மீறியதாக எவரும் தண்டிக்கவில்லை. பெரும் வணிகச் சட்ட நிறுவனங்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது இந்த நிகழ்ச்சிதான். அவர்களுடைய பலம் நீதிமன்றப் பேச்சில் இல்லை. எந்த ஆவணம் எழுதப்படும், எந்தச் சொல்லில் எழுதப்படும், அது யார் கையில் இருக்கும் என்பதில் இருக்கிறது.

சட்டக்கல்லூரிச் சாலை

சென்னை உயர்நீதிமன்றத்தில் தொழில் செய்கிறேன். வடகரை எழுதியதை மதிக்கிறேன், ஆனால் ஹாக்ஸ்லி பற்றிய தொனியோடு முழுவதும் உடன்பட முடியவில்லை.

கட்சிக்காரர் தன் வழக்கறிஞரிடம் சொன்னது வெளியே போகாது என்ற பாதுகாப்பு வழக்கறிஞரின் சலுகை அல்ல, கட்சிக்காரரின் உரிமை. நம் நாட்டிலும் 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 126ஆம் பிரிவில் அதை உறுதி செய்தது; இப்போது அதன் இடத்தில் வந்துள்ள புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. இந்தப் பாதுகாப்பு இல்லையென்றால் காவல் நிலையத்தில் அடைபட்ட ஏழைக்கும் வழக்கறிஞர் பயன்படமாட்டார். ரோட்ஸுக்குக் கிடைத்ததால் அந்தக் கோட்பாடே தவறு என்று ஆகிவிடாது.

அதே நேரம், அந்தப் பிரிவிலேயே ஒரு விலக்கும் இருக்கிறது. சட்டவிரோதமான நோக்கத்தை முன்னெடுப்பதற்காகச் செய்யப்பட்ட தகவல் பரிமாற்றத்துக்குப் பாதுகாப்பு கிடையாது. அண்டை நாட்டின் மீது படையெடுப்பதற்கான தந்திகள் அந்த விலக்குக்குள் வருமா என்ற கேள்வியை 1897இன் குழு உண்மையாகவே எழுப்பியிருக்க வேண்டும். எழுப்பவில்லை. பிழை அந்தக் குழுவுடையது என்பது என் கருத்து.

வடகரை

கோட்பாட்டை நானும் மறுக்கவில்லை ஐயா. விசாரணைக் குழு கேட்கத் துணியவில்லை என்று நீங்கள் சொல்வதும் சரியே. எனக்குள்ள உறுத்தல் வேறு. ஏழைக் கட்சிக்காரரின் இரகசியமும் சாசனம் பெற்ற கம்பெனியின் இரகசியமும் சட்டத்தின் கண்ணில் ஒன்றாக இருக்கலாம். ஆனால் முதல் வகையை அரசு உடைத்துப் பார்க்கத் தயங்கியதே இல்லை, இரண்டாவது வகையின் முன் அது கையைக் கட்டி நின்றிருக்கிறது.

மெரினா வாசகர்

வரலாறு புரிகிறது. இனி வேலையைப் பற்றிச் சொல்லுங்கள். காலையில் அலுவலகம் வரும் ஒருவர் மாலை வரை என்ன செய்வார்? வழக்காடுவதில்லை என்கிறீர்கள். அப்படியானால் இத்தனை ஆயிரம் பேருக்கு என்ன வேலை?

தேம்ஸ் கரை

வழக்கும் உண்டு, மத்தியஸ்தத் தீர்ப்பாய வேலையும் உண்டு; ஆனால் பெரும்பகுதி வேலை வழக்கு வராமல் தடுப்பதற்கான எழுத்து. ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். ஒரு நாட்டில் மின் நிலையம் கட்ட 80 கோடி டாலர் தேவை என்று வைத்துக்கொள்வோம். பத்து வங்கிகள் சேர்ந்து கொடுக்கப் போகின்றன. முதலில் நான்கைந்து பக்கத்தில் நிபந்தனைச் சுருக்கம் ஒன்று தயாராகும். அதைக் கடன் ஒப்பந்தமாக விரிப்பது சட்ட நிறுவனத்தின் வேலை. ஐரோப்பாவில் 1996இல் தொடங்கப்பட்ட கடன் சந்தைச் சங்கம் மாதிரி ஒப்பந்தங்களை வெளியிட்டிருப்பதால் எலும்புக்கூடு முன்பே இருக்கும். சண்டை எல்லாம் அதன் தசையில்தான் நடக்கும்: எந்த நிகழ்ச்சி நடந்தால் கடன் உடனடியாகத் திருப்பிக் கேட்கப்படும், வட்டி எப்படி மாறும், அரசு மாறினால் யார் சுமப்பது, எந்தச் சொத்து பிணையாக நிற்கும்.

கையெழுத்தானாலும் பணம் உடனே போய்விடாது. முன்நிபந்தனைப் பட்டியல் ஒன்று இருக்கும்; இயக்குநர் குழுத் தீர்மானம், அரசு அனுமதிகள், நிலப் பத்திரங்கள், காப்புறுதி, உள்ளூர் வழக்கறிஞரின் கருத்துரை என்று நீளும். அந்தக் கருத்துரை மிக முக்கியமானது. இந்த நாட்டின் சட்டப்படி இந்த ஒப்பந்தம் செல்லும், இதை எழுதிக் கொடுத்தவருக்கு அந்த அதிகாரம் உண்டு என்று ஒரு சட்ட நிறுவனம் தன் பெயரில் எழுதிக் கையெழுத்திடுகிறது. அது தவறாக இருந்தால் வழக்கு அந்த நிறுவனத்தின் மீதே வரும்.

இந்தப் பட்டியலில் ஒவ்வொரு வரியையும் சரிபார்த்து, ஒவ்வொரு காகிதத்தையும் வாங்கி அடுக்குவது பயிற்சிச் சொலிசிட்டரின் பாடு. பயிற்சிக் காலம் இரண்டு ஆண்டு; ஆறு ஆறு மாதமாக நான்கு பிரிவுகளில் சுற்றி வர வேண்டும். அதன் பிறகு அசோசியேட், அதாவது சம்பளத்துக்கு வேலை செய்யும் வழக்கறிஞர். பத்து ஆண்டுகள் அளவில் நிலைத்து நின்று, வேலையும் கொண்டுவருபவர்களில் சிலர் மட்டும் பார்ட்னர் ஆவார்கள். நிறுவனத்தின் சொந்தக்காரர்கள் அவர்களே. அந்த ஆண்டின் லாபம் அவர்களுக்குள் பிரிக்கப்படும்.

லாபம் எப்படிப் பிரிகிறது என்பதில்தான் ஒரு சட்ட நிறுவனத்தின் குணமே அடங்கியிருக்கிறது. லண்டன் மரபு லாக்ஸ்டெப்: பார்ட்னர் ஆகி எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதைப் பொறுத்தே பங்கு. யார் எவ்வளவு கட்சிக்காரர்களைப் பிடித்தார் என்பது கணக்கில் வராது. அதனால் ஒருவர் தன் கட்சிக்காரரை மற்றப் பிரிவுக்குத் தயங்காமல் அனுப்புவார். பல அமெரிக்க நிறுவனங்களில் முறை வேறு. அதிகம் சம்பாதித்துக் கொடுப்பவருக்கு அதிகம். 2000ஆம் ஆண்டில் இந்த இரண்டும் மோதின.

வடகரை

அந்த மோதலைப் பற்றி நான் சேர்க்கிறேன். 2000 ஜனவரியில் கிளிஃபோர்ட் சான்ஸ், நியூயார்க்கின் ராஜர்ஸ் அண்ட் வெல்ஸ், ஜெர்மனியின் புண்டர் ஆகிய மூன்றும் ஒன்றாயின. ராஜர்ஸ் என்ற பெயருக்கு உரிய வில்லியம் ராஜர்ஸ், ஐசன்ஹோவர் ஆட்சியில் அட்டர்னி ஜெனரலாகவும் நிக்சன் ஆட்சியில் வெளியுறவுச் செயலராகவும் இருந்தவர். 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்ததை ஆராய்ந்த ஆணையத்தின் தலைவரும் அவரே. அட்லாண்டிக்கின் இரு கரையிலும் ஒரே கூட்டாண்மை என்ற அளவில் இத்தகைய இணைப்பு அதற்கு முன் நடந்ததில்லை. உலகின் மிகப் பெரிய சட்ட நிறுவனம் என்ற பெயரும் கிடைத்தது.

ஆனால் நியூயார்க்கின் நட்சத்திர வழக்கறிஞர்களுக்கு லாக்ஸ்டெப் ஒத்துவரவில்லை. போட்டிச் சட்டத்தில் பெயர்பெற்ற சிலர் வெளியேறினார்கள். 2002இல் கலிபோர்னியாவில் வேறொரு நிறுவனத்திலிருந்து பல பார்ட்னர்களை ஒன்றாக அழைத்து வந்து கிளைகள் திறந்தார்கள். சில ஆண்டுகளில் அவற்றை மூட வேண்டியதாயிற்று. அதே 2002 அக்டோபரில் நியூயார்க் அலுவலகத்தின் அசோசியேட்கள் பார்ட்னர்களுக்கு எழுதிய நீண்ட குறிப்பாணை வெளியே கசிந்தது. ஆண்டுக்கு 2,420 மணிநேரம் கட்சிக்காரர் கணக்கில் எழுத வேண்டும் என்ற எதிர்பார்ப்பு, மணிக்கணக்கைப் பெருக்கி எழுதத் தூண்டுகிறது என்பது அவர்களுடைய முக்கியக் குற்றச்சாட்டு. அந்த நிபந்தனையை நிறுவனம் பின்னர் கைவிட்டது.

2,420 என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஆண்டுக்கு 50 வாரம் வேலை செய்தாலும் வாரத்துக்கு 48 மணிநேரத்துக்கு மேல், அதுவும் கட்டணம் வசூலிக்கக்கூடிய நேரம் மட்டும். சாப்பாடு, பயிற்சி, அலுவலகக் கூட்டம் எதுவும் இதில் சேராது. சட்ட உலகில் நேரத்தை விற்கும் முறையின் அடிப்படைக் கோளாறை உள்ளிருந்தே எழுதிக் காட்டிய ஆவணம் என்ற வகையில் அந்தக் குறிப்பாணைக்கு நான் பெரிய மதிப்புக் கொடுக்கிறேன்.

தேம்ஸ் கரை

அதில் ஒரு வார்த்தை கூட மிகையில்லை. நான் வேலை செய்தது வேறு நிறுவனம், நாடும் வேறு. ஆனால் ஆறு நிமிடத்துக்கு ஒரு கட்டம் என்று நாளைப் பிரித்து எழுதும் பழக்கம் அங்கும் இருந்தது. அந்தப் பழக்கம் மனிதரின் யோசனையையே மாற்றிவிடுகிறது. விரைவாக முடிப்பவர் குறைவாகச் சம்பாதித்துக் கொடுத்தவர் ஆகிறார்.

சட்டக்கல்லூரிச் சாலை

இந்த நிறுவனங்கள் இந்தியாவுக்குள் வர முயன்ற கதையில் சென்னைக்கு ஒரு முக்கியமான இடம் உண்டு. அதைப் பதிவு செய்யாவிட்டால் இந்த இழை குறையாகிவிடும்.

ஏ.கே. பாலாஜி என்ற வழக்கறிஞர் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு ரிட் மனு தாக்கல் செய்தார். பிரிட்டன், அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளின் 31 சட்ட நிறுவனங்களை அவர் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்தார். 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி இந்தியாவில் பதிவு செய்த வழக்கறிஞர் மட்டுமே தொழில் செய்யலாம். நீதிமன்றத்துக்கு வெளியே ஆலோசனை சொல்வதும் ஒப்பந்தம் எழுதுவதும் தொழில்தான் என்பது அவருடைய வாதம். 2012 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு ஒரு நடுவழியை எடுத்தது. வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே அலுவலகம் திறக்க முடியாது. ஆனால் தங்கள் நாட்டுச் சட்டத்தைப் பற்றி ஆலோசனை சொல்லத் தற்காலிகமாக வந்து போகலாம், சர்வதேச வணிக மத்தியஸ்தத்துக்கும் வரலாம். 2018 மார்ச் 13 அன்று உச்ச நீதிமன்றம் அதைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டு, எப்போதாவது வந்துபோவதை மட்டுமே அனுமதிக்கலாம், அடிக்கடி வருவது தொழில் செய்வதாகிவிடும் என்று தெளிவுபடுத்தியது. 2023இல் இந்திய பார் கவுன்சில் விதிகளை வெளியிட்டு, வழக்காடல் அல்லாத வேலைகளுக்குப் பரஸ்பர அடிப்படையில் கதவைத் திறந்தது; 2025இல் அவ்விதிகள் திருத்தப்பட்டன.

எங்கள் தொழிலில் பலர் அச்சப்படுகிறார்கள். எனக்கு அச்சமில்லை, ஆனால் ஒரு கோரிக்கை உண்டு. அவர்கள் இங்கே வந்தால் நம் இளைஞர்களுக்குப் பார்ட்னர் நாற்காலியும் கிடைக்க வேண்டும். சிங்கப்பூர் 2008இல் ஆறு வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் தகுதி உரிமம் கொடுத்தபோது கிளிஃபோர்ட் சான்ஸும் அதில் ஒன்று; ஆனால் எந்தச் சட்டத் துறைகளில் அவர்கள் வேலை செய்யலாம் என்பதை அந்நாடு தானே வரையறுத்தது. கதவைத் திறப்பதென்றால் நிபந்தனையோடு திறக்க வேண்டும்.

மெரினா வாசகர்

அலுவலகம் இல்லாவிட்டாலும் அவர்கள் வேலை இந்தியாவில் நடக்கத்தானே செய்கிறது? இந்திய நிறுவனங்கள் வெளிநாட்டில் கடன் வாங்கும்போது ஒப்பந்தம் ஆங்கிலேயச் சட்டப்படி எழுதப்படுகிறது. எழுதுபவர் லண்டனிலோ சிங்கப்பூரிலோ உட்கார்ந்திருக்கிறார். வாசலில் காவல் வைத்தால் போதுமா?

சட்டக்கல்லூரிச் சாலை

போதாது என்பதே உண்மை. எந்த நாட்டுச் சட்டம் ஆளும் என்ற ஒரே விதி ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். வேலை எங்கே போகும் என்பதை அந்த விதியே தீர்மானித்துவிடுகிறது.

கொழும்புத்துறை

இழையின் முதல் கேள்விக்குத் திரும்புவதற்கு இதுவே பொருத்தமான இடம். இலங்கையின் சர்வதேசப் பிணைமுறிகள், அதாவது வெளிநாட்டுக் கடன் பத்திரங்கள், நியூயார்க் சட்டத்தின் கீழ் எழுதப்பட்டவை. கொழும்பில் எத்தனை திறமையான சட்டத்தரணிகள் இருந்தாலும் அந்தப் பிணைமுறிகளின் வழக்கு நியூயார்க்கில்தான் நடக்கும். ஆகையால் நியூயார்க்கிலும் லண்டனிலும் ஒரே நேரத்தில் நிற்கக்கூடிய நிறுவனம் ஒன்று தேவைப்பட்டது. மூன்று நிறுவனங்களின் இணைப்பைப் பற்றி வடகரை சொன்னாரே, அதன் பலனை ஒரு திவாலான அரசு இருபது ஆண்டுகளுக்குப் பிறகு விலைகொடுத்து வாங்கியது.

சண்டை எங்கே வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2012இல் வெளியிடப்பட்ட 100 கோடி டாலர் பிணைமுறி ஒன்று 2022 ஜூலை 25 அன்று முதிர வேண்டியிருந்தது. செயின்ட் கிட்ஸ் நெவிஸைச் சேர்ந்த ஹாமில்டன் ரிசர்வ் வங்கி, அதில் 25 கோடி டாலருக்குச் சற்று மேல் வைத்திருந்தது. முதிர்வுக்கு முன்பே, 2022 ஜூனில், நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் முழுத் தொகையையும் கேட்டு வழக்குத் தொடுத்தது.

25 கோடி என்ற எண்ணின் பொருள் பழைய பிணைமுறிகளின் ஒரு விதியில் இருக்கிறது. கடன் கொடுத்தவர்களில் 75 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டால் மீதிப் பேரும் அந்த மாற்றத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதே கூட்டு நடவடிக்கை விதி. ஒரே வெளியீட்டில் வந்த பிணைமுறிகளை ஒரு தொடர் என்பார்கள். பிற்காலப் பிணைமுறிகளில் பல தொடர்களின் வாக்குகளையும் சேர்த்து எண்ணலாம். இந்தப் பழைய தொடரிலோ அந்தத் தொடருக்குள் மட்டுமே எண்ண வேண்டும். அப்படியானால் ஒரு தொடரில் கால் பங்குக்கு மேல் வைத்திருப்பவர் தனியாளாகவே தடுத்துவிடலாம். 2012இல் எழுதப்பட்ட ஒரு பத்தி, 2022இல் எரிபொருள் வரிசையில் நின்ற மக்களின் நாட்டுக்கு எதிரான ஆயுதமாக மாறியது.

அந்த வழக்கில் இலங்கைக்காக வாதாடியதும் கிளிஃபோர்ட் சான்ஸ்தான். மறுசீரமைப்பு முடியும் வரை வழக்கை நிறுத்திவைக்க வேண்டும் என்று கேட்டார்கள். அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சு அரசுகளும் அதை ஆதரித்தன. நீதிமன்றம் 2023இல் நிறுத்திவைத்தது, பின்னரும் நீட்டித்தது. இடையில் 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் சுமார் 300 கோடி டாலர் திட்டம் ஒப்புதல் பெற்றது. 2024 டிசம்பரில் ஏறத்தாழ 1,255 கோடி டாலர் மதிப்புள்ள பிணைமுறிகள் புதியவற்றுக்கு மாற்றப்பட்டன.

மெரினா வாசகர்

மறுபக்கத்தில் கடன் கொடுத்தவர்களுக்கும் இதே போன்ற நிறுவனம் இருந்திருக்கும் அல்லவா?

கொழும்புத்துறை

இருந்தது. பிணைமுறி வைத்திருந்தவர்களின் குழுவுக்கு ஒயிட் அண்ட் கேஸ் என்ற நியூயார்க் நிறுவனம் ஆலோசனை சொன்னது. இன்று ஓர் அரசுக்காக நிற்கும் நிறுவனம் வேறொரு விவகாரத்தில் வங்கிகளுக்காக நிற்கும். நலமுரண் இருக்கிறதா என்று ஒவ்வொரு வேலைக்கும் முன் சோதிக்கிறார்கள், இல்லையென்றால் ஏற்கிறார்கள். தொழில் ஒழுக்கத்தின்படி அது சரியே. ஆனாலும் நாட்டின் பக்கத்தில் நிற்கிறவர்கள் என்று அவர்களைப் பார்த்து உருகுவதோ, வட்டிக்காரர்களின் கையாட்கள் என்று ஏசுவதோ இரண்டும் பொருந்தாது என்று நான் நினைக்கிறேன். அவர்கள் அன்றைய கட்சிக்காரருக்காக முழு உழைப்பையும் கொடுக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வியை நம் அரசிடம்தான் கேட்க வேண்டும்: 2012இல் கடன் வாங்கும்போது உங்கள் பக்கத்துச் சட்டத்தரணி அந்த விதியைப் படித்துச் சொன்னாரா, சொன்னால் யார் கேட்டார்?

வடகரை

அந்தக் கேள்வியை நான் முழு மனதோடு ஆமோதிக்கிறேன். ஒரு விவரத்தைச் சேர்க்கிறேன். 2024 செப்டம்பரில் எட்டப்பட்ட உடன்பாட்டில், புதிய பிணைமுறிகளை ஆளும் சட்டத்தை நியூயார்க்கிலிருந்து இங்கிலாந்துக்கோ அமெரிக்காவின் இன்னொரு மாநிலமான டெலவேருக்கோ மாற்றிக்கொள்ளும் வாய்ப்பும் இடம்பெற்றது. கடனில் சிக்கிய நாடுகளுக்குச் சாதகமான சட்டத்தை நியூயார்க் மாநிலச் சட்டமன்றம் கொண்டுவந்துவிடக்கூடும் என்று கடன் கொடுத்தவர்கள் அஞ்சியதே இதற்குக் காரணம். நியூயார்க்கின் வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றினால், கடன் அந்த ஊரையே விட்டு வெளியேறிவிடலாம். வெளியேறும் வழியை ஒரு பத்தியில் எழுதி வைக்க ஆள் இருக்கிறார்கள்.

தேம்ஸ் கரை

இதே ஆற்றல் வேறு திசையிலும் வேலை செய்யும் என்பதை மறக்க வேண்டாம். அந்த உடன்பாட்டிலேயே இலங்கையின் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்பக் கொடுப்பனவு கூடும் அல்லது குறையும் வகையில் ஒரு பிணைமுறி வடிவமைக்கப்பட்டது. ஆட்சிமுறைச் சீர்திருத்த இலக்குகளை எட்டினால் வட்டி குறையும் வகையில் இன்னொன்றும் வந்தது. அடுத்து கடனில் விழும் நாடு இந்த வாசகங்களை எடுத்துப் பார்த்துத் தனக்கேற்ப மாற்றிக்கொள்ளும். இத்தகைய நிறுவனங்களில் புதுமை என்பது இப்படித்தான் நடக்கிறது. ஓர் ஒப்பந்தத்தில் கண்டுபிடித்த பத்தி, அடுத்த பத்து ஒப்பந்தங்களில் வழக்கமாகிவிடும்.

சட்டக்கல்லூரிச் சாலை

அப்படியானால் அந்தப் பத்திகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே அதிகமாக வேண்டும். சட்டக் கல்லூரிகளில் ஒப்பந்தச் சட்டத்தை 1872ஆம் ஆண்டின் சட்டப் பிரிவுகளாகவும் பழைய வழக்குகளாகவும் கற்பிக்கிறோம். ஒரு முழுக் கடன் ஒப்பந்தத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மாணவர் கையில் கொடுத்து, எந்த விதி யாரைக் காக்கிறது என்று கேட்கும் வகுப்பு அரிது. இலங்கையின் 2012 பிணைமுறியின் வெளியீட்டு ஆவணமே அதற்குப் போதுமான பாடநூல். கொழும்புத்துறை நண்பர் அந்தக் கூட்டு நடவடிக்கை விதியின் வாசகத்தை முழுமையாகத் தமிழில் எழுதி இங்கே பதிவிட்டால், நம் சாட்சியச் சட்டத்தைப் போல வரி வரியாக அதையும் விவாதிக்கலாம்.

கொழும்புத்துறை

செய்கிறேன் ஐயா. விதி நீளமானது, அதனால் தனி இழையாகத் தொடங்குகிறேன். பழைய தொடரின் விதியையும் அதற்குப் பின் வந்த பல தொடர் விதியையும் அருகருகே வைத்து எழுதினால்தான் வேறுபாடு தெரியும். யாரிடமாவது வேறு நாடுகளின் பழைய பிணைமுறி விதிகள் இருந்தால் அங்கே சேர்த்துவிடுங்கள்.